டின் நம்பர் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா?



லயத்துப் பக்கம் சின்னதாகக் கடை போட்டிருப்பவர்களும், வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்களும், மரக்கறி போட்டு டவுனுக்கு அனுப்புகிறவர்களும் நம்மிடம் கேட்பது ஒன்றுதான். "டின் நம்பர் எடுத்தா வரி கட்டணுமாமே, எடுக்கலாமா, வேணாமா?"

இது மீன் டின் அல்ல! வரி செலுத்துவோர் அடையாள இலக்கம் என்பதைத்தான் ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து டின் என்கிறார்கள். உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கொடுக்கும் 9 இலக்க நம்பர் அது. பழைய அடையாள அட்டையிலும் 9 இலக்கம் இருப்பதால் சிலர் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு.

நம்பர் எடுத்த உடனே யாரும் வரி கேட்டு வரமாட்டார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் ஒருவருடைய வருட வருமானத்தில் முதல் 18 இலட்சம் ரூபாவுக்கு வரி இல்லை. அதற்கு முன் இது 12 இலட்சமாக இருந்தது. இங்கேதான் நம்மவர்கள் குழம்புகிறார்கள். கல்லாவில் விழும் காசெல்லாம் வருமானம் என்று எண்ணிப் பயப்படுகிறார்கள்.

ஒரு கடையில் நாளைக்கு 8,000 ரூபா வியாபாரம் என்று வையுங்கள். 300 நாளைக்கு 24 இலட்சம். அம்மாடி, 18 இலட்சத்தைத் தாண்டிவிட்டதே என்று தோன்றும். ஆனால் சாமான் வாங்கிய செலவு 20 இலட்சம், லொறிக் கூலி, கரண்ட் பில் 80,000 போனால் மிச்சம் 3,20,000 தான். அந்த மிச்சம்தான் கணக்கு. கடைக்காரர் தோட்டத்திலும் பேர் போடுகிறவர் என்றால் அவருடைய சம்பளத்தையும் இதோடு கூட்ட வேண்டும். புருஷன் சம்பளத்தை மனைவியின் கடைக் கணக்கில் கூட்டுவதில்லை. எல்லாம் கூட்டி 20 இலட்சம் வந்தாலும், மேலேயுள்ள 2 இலட்சத்துக்கு 6 வீதம், அதாவது 12,000 ரூபாதான் வரி. இதைக் காட்டுவதற்குச் சிட்டை வேண்டும். மொத்தக் கடையில் தரும் பில்லில் சீனி கட்டிக் கொடுத்துவிடாதீர்கள்.

பென்சன் போன பெரியவர்களுக்கும் இது உதவும். சேமலாப நிதிப் பணத்தை வங்கியில் நிலையான வைப்பில் போட்டால் வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குள் இருக்கிறவர்கள் வங்கியில் பிரகடனப் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். அந்தப் படிவத்துக்கு டின் நம்பர் தேவை.

நம்பர் எடுக்கச் சதமும் கட்டணம் இல்லை. "2,000 தாங்க, நான் எடுத்துத் தாறேன்" என்று வருகிறவர்களிடம் காசும் கொடுக்காதீர்கள், அடையாள அட்டைப் பிரதியும் கொடுக்காதீர்கள். திணைக்களத்தின் இணையத்தளத்தில் பிள்ளைகளைக் கொண்டு போனிலேயே பதியலாம், அல்லது திணைக்கள அலுவலகத்துக்கு நேரில் போகலாம். அடையாள அட்டையின் இரண்டு பக்கப் பிரதியும், கடைப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்திருந்தால் அந்தச் சான்றிதழும் வேண்டும். சந்தேகம் கேட்க 1944.

செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர் என்று நம்மில் பலருக்கு உண்டு. அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். விலாசத்தில் டிவிசன், லய நம்பர், தபாற்கந்தோர் மூன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் கடிதம் ஆபீசிலேயே கிடக்கும். வருமான விபரம் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தால் கடைசித் திகதி நவம்பர் 30. பயந்து அடுப்பில் போடாமல் நம்மிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து நிரப்புவோம்.