பயந்த நாயோடு தெருவில் நடக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கயிற்றில் போகும் நாய் இன்னொரு நாயைக் கண்டதும் துள்ளிக் குரைத்தால், "கோபக்கார நாய்" என்கிறோம். பெரும்பாலும் அது பயம். விலகி ஓட நினைக்கிறது, கயிறு விடுவதில்லை. அதனால் குரைத்தே எதிரியை விரட்டப் பார்க்கிறது. திண்டுக்கல்லில் மலைக்கோட்டையை ஒட்டிய சந்துகளில் ஒதுங்க இடமில்லை. எதிரே வருவதும் தன் தெருவைக் காக்கும், கயிறில்லாத நாய். இந்தப் பயத்துக்கு முதல் மருந்து தூரம்.

செய்ய வேண்டியவை

• முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழோ மூட்டில் வலியோ இருந்தால் எந்த நாயும் சீக்கிரம் சீறும். வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள்.

• உங்கள் நாய் தாங்கும் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். இன்னொரு நாயைப் பார்த்த பிறகும் கொடுத்ததைத் தின்று, கூப்பிட்டால் திரும்புகிறதா? அதுதான் சரியான தூரம். 30 அடியாக இருக்கலாம், 100 அடியாகவும் இருக்கலாம்.

• அந்தத் தூரத்தில் நின்று, மற்ற நாய் கண்ணில் பட்டதும் தின்ன ஏதாவது கொடுங்கள். அது மறைந்ததும் நிறுத்துங்கள். முதலில் நாய், பிறகு தீனி. இந்த வரிசை மாறக்கூடாது. இன்னொரு நாய் வந்தால் நல்லது நடக்கும் என்று அதற்குப் பதிய வேண்டும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த, எலும்பில்லாத கோழிக்கறியைச் சிறு துணுக்குகளாகக் கொடுங்கள்.

• ஊருக்கு வெளியே, தோட்டக் காவல் நாய்கள் இல்லாத திறந்த வெளியில் பழக்குங்கள். தூரத்தில் வருவது தெரிந்தால் விலக நேரம் கிடைக்கும்.

• விடியற்காலையில் நடங்கள். சித்திரை, வைகாசியில் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கும். பிரியாணிக் கடைகளில் எலும்பு கொட்டும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். அங்கே நாய்கள் கூடியிருக்கும்.

• உதட்டை நக்குவது, கொட்டாவி, வாலை ஒடுக்குவது, உடல் விறைத்து உற்றுப் பார்ப்பது ஆகியவை முன்னறிகுறிகள். குரைக்கும் வரை காத்திராமல் அப்போதே திரும்பிவிடுங்கள். "வா" என்றதும் உங்களோடு திரும்ப வீட்டிலேயே பழக்குங்கள்.

• கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிய ஹார்னெஸ், 6 அடிக் கயிறு போதும்.

• தெருநாய் நெருங்கினால் நீங்கள் நடுவில் நில்லுங்கள். கைப்பிடி தீனியை அதன் பக்கம் இறைத்துவிட்டு, ஓடாமல் விலகுங்கள்.

செய்யக்கூடாதவை

• அடிக்காதீர்கள், கயிற்றைச் சுண்டாதீர்கள், முள் பட்டை மாட்டாதீர்கள். நாயைக் கண்டாலே வலி என்று அது கற்றுக்கொள்ளும். உறுமலை அடக்கிவிட்டால், எச்சரிக்கை இல்லாமலே கடிக்கும்.

• "பழகட்டும்" என்று இன்னொரு நாயின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

• பயந்த நாயைத் தட்டிக்கொடுக்கத் தயங்காதீர்கள். ஆறுதலால் பயம் வளராது.

• நாளெல்லாம் சங்கிலியில் கட்டாதீர்கள். கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவை காவலுக்கும் வேட்டைக்கும் வளர்த்த இனங்கள். அடைபட்டால் படபடப்பு கூடும்.

• மிச்சப் பிரியாணியைப் பழகுதீனியாகக் கொடுக்காதீர்கள். சின்ன வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; வெந்த எலும்பு குடலைக் கிழிக்கும்.

• தெருநாய்கள் மீது கல்லெறியாதீர்கள். நாய்களின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு பற்றிய 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பொதுவாகப் பிடித்த தெருவிலேயே விடுவார்கள். நாளையும் நீங்கள் அதைத்தான் கடந்து போக வேண்டும்.

• நாய்ச் சண்டையில் குறுக்கே கையை நீட்டாதீர்கள். கடிபட்டால் சோப்பு போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

• ஒருநாள் பெரிதாகப் பயந்திருந்தால், மறுநாளே அதே வழியில் இழுத்துப் போகாதீர்கள். வீட்டிலேயே மோப்பம் பிடித்து விளையாடட்டும்.

பல மாதம் பிடிக்கலாம். எல்லா நாயோடும் அது நட்பாக வேண்டியதில்லை. பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்து போனால் போதும். அதுவரை அதன் பயத்தை மதித்து, தூரத்தை நீங்கள் காத்துக்கொடுங்கள்.