கேஸ் தீர்ந்துபோவதில்லை, தம்பி

அன்புள்ள தம்பி,

விருதுநகரிலோ சாத்தூரிலோ சிவகாசியிலோ கார் ஏசி வேலையைக் கையில் எடுத்திருக்கும் உனக்கு ஒரே ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சித்திரை வெயிலில் கடைக்கு வரும் கார்க்காரர் நோயை மட்டும் சொல்ல மாட்டார், மருந்தையும் அவரே சொல்லிவிடுவார். "கூலிங் சுத்தமா இல்லப்பா, கேஸ் தீர்ந்துபோச்சு போல, போட்டு விட்டுரு" என்பார். நீயும் சிலிண்டரை மாட்டித் திறந்துவிட்டு, காற்று கொஞ்சம் குளிர்ந்ததும் காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடலாம். அவருக்கும் திருப்தி, உனக்கும் வேலை முடிந்தது. அப்படிச் செய்யாதே என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஏன் குளிரவில்லை என்று உன் வாயால் காரணம் சொல்ல முடிகிறவரை சிலிண்டரைத் தொடாதே.

முதலில் அந்தத் 'தீர்ந்துபோச்சு' என்ற சொல்லையே எடுத்துக்கொள். பெட்ரோல் எரிந்து தீரும். பிரேக் கட்டை தேய்ந்து தீரும். ஏசி கேஸுக்கு எரிவதும் கிடையாது, தேய்வதும் கிடையாது. கம்ப்ரசர் அதை அழுத்துகிறது; கண்டென்சரில் சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது; எக்ஸ்பேன்ஷன் வால்வின் சின்னத் துவாரத்தைத் தாண்டியதும் அழுத்தம் விழுந்து, கூலிங் காயிலுக்குள் கொதித்து, காருக்குள் இருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பவும் கம்ப்ரசருக்கே வருகிறது. நாம் ஏற்றும் ஆர் 134ஏ கேஸ் வெளிக்காற்றின் அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தக் கொதிப்பைத்தான் நாம் குளிர்ச்சி என்கிறோம். மூடிய குழாய்க்குள் சுற்றும் பொருள் குறைந்திருந்தால் எங்கோ வழி கிடைத்து வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் சீல் வழியாகவும் வருடத்துக்குச் சில கிராம் கசியத்தானே செய்யும் என்று நீ கேட்கலாம். கசியும்தான். ஆனால் அது பல வருடம் கழித்துத் தெரிகிற கணக்கு. போன சித்திரையில் கேஸ் போட்ட கார் இந்தச் சித்திரையில் சூடாக ஊதினால், அதை இந்தக் கணக்கில் எழுத முடியாது.

"கேஜ் மாட்டிப் பார்த்தேன், கேஸ் இருக்கிறது" என்பதும் பாதி உண்மைதான். இன்ஜினை நிறுத்தி, கார் ஆறிய பிறகு, 35 டிகிரி நிழலில் கேஜைப் பார். இரண்டு முள்ளும் சுமார் 115 பி.எஸ்.ஐ. அருகில் நிற்கும். உள்ளே 450 கிராம் இருந்தாலும் அதே அளவுதான்; பாதி போய்விட்டிருந்தாலும், ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கிறவரை அதே அளவுதான். அந்த முள் சொல்வது வெப்பநிலையை. எடையை அது ஒருபோதும் சொல்லாது. சின்னக் காருக்கு 400 கிராம் அளவில்தான் கேஸ். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அந்தந்தக் காரின் எடை கிராம் கணக்கில் இருக்கும். இதில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் எட்டில் ஒரு பங்கு பிசகிவிட்டது. சிவகாசிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டாசு ஆலையில் மருந்தைக் கண்ணளவில் அள்ளிப்போடுகிறவனை யாரும் தொழில் தெரிந்தவன் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே நீ முதலில் வாங்க வேண்டிய கருவி ஒரு நல்ல டிஜிட்டல் தராசு.

இன்ஜின் ஓடும்போதுதான் கேஜ் பேச ஆரம்பிக்கும், அதுவும் இரண்டு முள்ளையும் சேர்த்துப் படித்தால். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு என்று சந்தேகப்படலாம். லோ சைடு ஏறி, ஹை சைடு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கினால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. லோ சைடு பூஜ்ஜியத்துக்கும் கீழே போனால் வால்வில் அடைப்பு. ஹை சைடு 300-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கண்டென்சரில் சூடு வெளியேறவில்லை. இந்தக் கடைசி வகைதான் நம் பக்கத்தில் ஆளை ஏமாற்றும். நாலுவழிச் சாலையில் ஓடும்போது குளிர்கிறது, ரயில்வே கேட்டில் நின்றால் சூடாக ஊதுகிறது என்பார்கள். காரணம் ஃபேன் மோட்டாரில் இருக்கலாம், அதன் ரிலேயில் இருக்கலாம், கண்டென்சர் துடுப்புகளுக்கு இடையில் கரிசல் புழுதியும் பூச்சியும் அடைந்திருக்கலாம். ஒரு குவளைத் தண்ணீரைக் கண்டென்சர் மேல் பரவலாக ஊற்று. முள் சட்டென்று இறங்கி, காற்றும் குளிர்ந்தால் பதில் கிடைத்துவிட்டது. இதே காருக்கு நீ கேஸ் ஏற்றியிருந்தால் அழுத்தம் இன்னும் ஏறியிருக்கும். பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்தியிருக்கும். குறைந்திருந்த கூலிங்கும் போயிருக்கும்.

கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களும் உண்டு. ஹீட்டர் பக்கம் திருப்பிவிடும் மடல் பாதியில் சிக்கிக்கொண்டால், கூலிங் காயில் ஒழுங்காகக் குளிர்ந்தும் காற்று சூடாகவே வரும். முதல் அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்து, ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்துப் போட்டால் மறுபடி சரியாகிறதா? காயிலில் பனி பிடிக்கிறது. சென்சாரையும் கேபின் ஃபில்டரையும் பார். இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும் கம்ப்ரசர் கிளட்ச் விட்டுப்போகிறதா? இடைவெளி கூடித் தேய்ந்த கிளட்ச்சாக இருக்கலாம். அதனால்தான் கேஜை மாட்டுவதற்கு முன்பே வாடிக்கையாளரிடம் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறேன்: எப்போதிலிருந்து, ஓடும்போதா நிற்கும்போதா, கடைசியாகக் கேஸ் போட்டது எப்போது? இந்த மூன்று பதிலிலேயே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும்.

கேஸ்தான் குறைவு என்று உறுதியானால், அடுத்த வேலை ஓட்டையைத் தேடுவது. கேஸ் தனியாக வெளியேறாது. கம்ப்ரசர் ஆயிலையும் இழுத்துக்கொண்டு வரும். அந்த ஆயிலில் புழுதி ஒட்டி, மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்க ஓர் இணைப்பு மட்டும் கறுத்துப் பிசுபிசுவென்று இருக்கும். அங்கே ஓ-ரிங்கைப் பார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவு. ரெகுலேட்டர் இல்லாமல் நைட்ரஜன் சிலிண்டரைத் திறக்காதே. நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஒருபோதும் ஏற்றாதே, உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் அது வெடி. ஓட்டையை அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்யூம் போடு. நல்ல வேக்யூமில் தண்ணீர் நம் ஊர்ச் சூட்டிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். ஈரம் உள்ளே தங்கினால் வால்வில் உறையும், நாளாவட்டத்தில் அமிலமாகி உள்பாகங்களை அரிக்கும். அதற்குப் பிறகு எடை போட்டு ஏற்று.

இதற்கெல்லாம் நேரம் எங்கே, பக்கத்துத் தெருக் கடையில் உடனே முடித்துக் கொடுக்கிறார்களே என்று கேட்பாய். நியாயமான கேள்வி. ஓட்டை தேடுவது வாடிக்கையாளர் கண்ணில் வேலையாகவே படாது. சிலிண்டர் மாட்டுவதுதான் அவருக்கு வேலை. ஆனால் கணக்கை நீட்டிப் பார். கேஸ் குறைந்த நிலையில் ஓடும் கம்ப்ரசருக்கு ஆயில் சரியாகத் திரும்பி வராது. வருடா வருடம் மேலே மேலே கேஸ் போட்டு ஓட்டிய கார், ஒருநாள் கம்ப்ரசர் இறுகி வந்து நிற்கும். அன்றைக்கு ஆகும் செலவுக்கு முன்னால் ஓ-ரிங்கின் விலை ஒன்றுமே இல்லை. ஆகவே சோதனைக்குத் தனியாகக் கூலி சொல், வெட்கப்படாதே. டாக்டர் பரிசோதனைக்குக் காசு வாங்குகிறார், யாரும் குறை சொல்வதில்லை. எழுதிக் கொடு: ஹை சைடு இவ்வளவு, லோ சைடு இவ்வளவு, ஓட்டை இங்கே, ஏற்றியது இத்தனை கிராம். எண்ணைக் கையில் வாங்கியவர் சண்டைக்கு வரமாட்டார். எல்லோரும் இதை மதிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் பக்கத்துத் தெருவுக்கே போவார்கள், போகட்டும். அவர்கள் காரும் அடுத்த கோடையில் சூடாகத்தான் ஊதும்.

மலிவான கேஸ் என்ற ஆசையும் வரும். சமையல் கேஸின் இனத்தைச் சேர்ந்தவையும் குளிர்விக்கும் என்பது உண்மை. ஆனால் கூலிங் காயில் இருப்பது டேஷ்போர்டுக்குள். அங்கே கசிந்தால் தீப்பற்றும் வாயு, மூடிய கண்ணாடிக்குள் ஆட்களோடு சேர்ந்து நிற்கும். ஒரு பொறி என்ன செய்யும் என்று மற்ற ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டியிருக்கலாம், நம் ஊரில் வேண்டாம். ஆர் 134ஏ சாதாரணமாகத் தீப்பற்றாது. ஆனால் நெருப்பில் பட்டால் சிதைந்து நஞ்சாகும். பீடியோ பர்னரோ பக்கத்தில் கூடாது. பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடவும் கூடாது. ஒரு கிலோ ஆர் 134ஏ பூமியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ 1,300 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு சின்னக் காரின் 400 கிராமே அரை டன்னுக்கு மேல் ஆகிறது. இதைக் குறைப்பதற்கென்று 2016-இல் உருவான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றுக்கொண்டது. பழைய கேஸை உறிஞ்சி எடுக்கும் மெஷின் விலை அதிகம்தான், ஆனால் இரண்டு மூன்று கடைகள் கூட்டுச் சேர்ந்து வாங்க முடியாத விலையில்லை.

கடைசியாக ஒன்று. ஏசி என்ற சாதனமே ஓர் அச்சகத்தின் புகாரிலிருந்து பிறந்தது. 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் ஊறிச் சுருங்கி, ஒரு கலர் மேல் அடுத்த கலர் சரியாக உட்காரவில்லை. காலண்டர் அடிக்கும் சிவகாசிக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் மெஷினையும் மையையும் நோண்டிக்கொண்டிருக்காமல் காற்றின் ஈரத்தை அளந்து, அதைக் கட்டுப்படுத்த ஓர் ஏற்பாட்டை வரைந்தார். புகார் தாளில் இருந்தது, காரணம் காற்றில். உன்னிடம் வரும் புகார் எப்போதும் "கேஸ்" என்ற பெயரில்தான் வரும். காரணம் ஃபேன் ரிலேயிலோ, ஒரு மடலிலோ, பத்து ரூபாய் ரப்பர் வளையத்திலோ இருக்கும். அதைக் கண்டுபிடித்து, பில்லில் 'கேஸ்' என்ற வரிக்கு மேலே 'காரணம்' என்று ஒரு வரி எழுது. அந்த வரி காலியாக இருக்கிற நாளில் கீழ் வரிக்குக் காசு வாங்காதே.

அன்புடன்,
உன் மூத்தவன் ஒருவன்