பூட்டத் தெரிந்தால் போதுமா?



கம்ப்யூட்டரில் ஒரு பகுதியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டுவது பெரிய வித்தை இல்லை. நம்மில் யாரும் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஆனால் அந்தக் கடவுச்சொற்களை எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதை நான் பாதி பெரிய மார்க்கெட்டிலும், பாதி என் சொந்தத் தவறிலும் கற்றுக்கொண்டேன்.

கடைக்காரரின் ரகசிய எழுத்து

பெரிய மார்க்கெட்டில் ஒரு பாத்திரக் கடையில் என் அப்பா வேலை பார்க்கிறார். லீவு நாட்களில் நானும் போவேன். அங்கே பாத்திரங்களின் அடியில் 'கையாணை', 'முன்நீ' என்று ஏதாவது எழுதி ஒட்டியிருக்கும். அது கொள்முதல் விலை. பேரத்தில் எதுவரை இறங்கலாம் என்று கடைப் பையனுக்குத் தெரியவேண்டும். வாங்க வந்தவருக்குத் தெரியக்கூடாது. பள்ளியில் குழூஉக்குறி என்று படித்தோமே, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று, அதே சங்கதிதான்.

சரக்கு பில்லையும் ஸ்டிக்கரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றே நாளில் பிடிபட்டது: 'முருகையா நீயே என் துணை'. பத்து எழுத்து, ஒன்றும் திரும்ப வராது. மு என்றால் 1, ரு என்றால் 2, கடைசி ணை என்றால் 0. ஆக 'கையாணை' 340 ரூபாய், 'முன்நீ' 185 ரூபாய். முதலாளியிடம் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லிடாதே தம்பி" என்று சிரித்தார். அடுத்த சரக்கு வந்தபோது எழுத்து மாறியிருந்தது!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தாக மாற்றியதைத் திரும்ப எண்ணாக மாற்ற முடியும். கடைக்கு அது தேவை. கடவுச்சொல்லுக்கு அது ஆபத்து.

நான் செய்த தவறு

கட்டண உதவி கேட்கும் மாணவர்களுக்காகப் போன வருடம் ஒரு சிறு புரோகிராம் எழுதினேன். குடும்ப வருமானம், அப்பா வேலை, சிவப்பு ரேஷன் கார்டா மஞ்சளா என்பதெல்லாம் அதில் இருந்தது. அவரவர் விவரம் அவரவர் கண்ணுக்கு மட்டும் என்று பூட்டினேன். ஆனால் எல்லாருடைய கடவுச்சொல்லையும் ஒரே கோப்பில் அப்படியே எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு நண்பன் விளையாட்டாக அதைத் திறந்து சத்தமாகப் படித்தான். எல்லாரும் சிரித்தார்கள். முதலாண்டுத் தங்கை ஒருத்தி மட்டும் என்னிடம் வந்து, "அண்ணா, என் மெயிலுக்கும் அதே கடவுச்சொல்தான்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

பெரியவர்களும் செய்த தவறு

என்னை விடப் பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1961ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கார்பட்டோ என்ற பேராசிரியரின் குழு, பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை இயக்கிக் காட்டியது. அதில் ஆளுக்கொரு கடவுச்சொல். 1962ல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கொடுத்த நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பையே அச்சடித்து எடுத்துக்கொண்டார். 1966ல் ஒரு குழறுபடியால், உள்ளே வந்த எல்லாருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக அந்தக் கோப்பே வந்து நின்றது. 2009ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்கள் திருடுபோயின. அவையும் அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்தவைதான்.

சரியான முறை

1. அரைத்து வையுங்கள். மஞ்சளை மிஷினில் அரைத்தபின் பழையபடி கிழங்காக்க முடியாது. அதுபோல ஒருவழிக் கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ஹாஷ் என்று பெயர். உதாரணமாக, ஷா-256 முறையில் எதைக் கொடுத்தாலும் 64 எழுத்தில் விடை வரும். ஒரு எழுத்தை மாற்றினால் விடை அடியோடு மாறும். கோப்பில் விடையை மட்டும் வையுங்கள். ஆள் வந்து கடவுச்சொல்லைத் தட்டும்போது மறுபடி அரைத்து, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

2. உப்பு போடுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, பெயரே அதுதான். இரண்டு பேர் ஒரே கடவுச்சொல் வைத்தால் விடையும் ஒன்றாகிக் காட்டிக்கொடுக்கும். அதனால் ஆளுக்கொரு தாறுமாறான துண்டைச் சேர்த்து அரைக்கவேண்டும். மாரிஸ், தாம்சன் என்ற இருவர் யூனிக்ஸில் இதைச் செய்து 1979ல் விளக்கினார்கள். அப்போதே ஒரு கடவுச்சொல்லுக்கு 4096 விதமான விடை வரலாம்.

3. மெதுவாக அரையுங்கள். ஷா-256 வேகமானது. திருடியவன் நொடிக்குக் கோடிக்கணக்கில் முயன்று பார்ப்பான். 1999ல் வந்த பீ-கிரிப்ட் வேண்டுமென்றே மெதுவானது. அதில் ஒரு எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும்.

லேப் லினக்ஸில் உதவியாளரைக் கேட்டு ஷேடோ கோப்பில் உங்கள் வரியை மட்டும் பாருங்கள். முறை, உப்பு, விடை என டாலர் குறி போட்டுப் பிரித்திருக்கும்.

பயனாளி பங்கும் உண்டு

மாரிஸும் தாம்சனும் 3,289 கடவுச்சொற்களைச் சேர்த்துப் பார்த்ததில் 86 சதவீதம் எளிதில் பிடிபடக்கூடியவையாக இருந்தன. நாலெழுத்து, ஐந்தெழுத்து, அகராதிச் சொல் இப்படி. எவ்வளவு அரைத்தாலும் '123456'ஐக் காப்பாற்ற முடியாது. ஓரிடத்துக் கடவுச்சொல்லை இன்னோரிடத்தில் வைக்காதீர்கள். 'மறந்துவிட்டேன்' என்றதும் பழைய கடவுச்சொல்லையே எந்த இடமாவது திருப்பி அனுப்பினால் உஷார்! அதை அவர்களால் படிக்க முடிகிறது என்று அர்த்தம்.

என் புரோகிராமை மாற்றி எழுதிவிட்டேன். பழைய கோப்பை அழித்தேன். எல்லாரையும் புதுக் கடவுச்சொல் வைக்கச் சொன்னேன். இப்போது யாராவது, "அண்ணா, என் கடவுச்சொல் மறந்துபோச்சு, பார்த்துச் சொல்லுங்க" என்றால், "எனக்கே தெரியாதும்மா, புதுசு போட்டுக்கலாம்" என்கிறேன். அப்படிச் சொல்ல முடிந்தால்தான் பூட்டு ஒழுங்காகப் போட்டிருக்கிறோம் என்று பொருள்.