பதறும் நெஞ்சுக்கு மருந்து: அன்னை கதீஜா (ரலி) காட்டிய மூன்று படிகள்

 

திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை கால் நடுங்குகிறது. உயிரே போய்விடும் போலிருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஓடினால் ஈசிஜி நன்றாக இருக்கிறது என்கிறார்கள். இதைத்தான் மருத்துவர்கள் 'பேனிக் அட்டாக்' என்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று ஷூ கம்பெனியையும் தோல் தொழிலையும் நம்பி வாழும் நம் ஊர்களில் கவலைக்குக் குறைவில்லை. குழுக் கடன் தவணை ஒரு பக்கம். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஆர்டர் நின்றுவிடுமோ என்ற பயம் மறுபக்கம்.

இப்படிப் பதறுபவரைப் பார்த்து, "உனக்கு ஈமான் பலவீனம்" என்று சொல்லலாமா? கூடாது. ஹிரா குகையில் முதல் வஹீ வந்தபோது நபி (ஸல்) அவர்கள் நெஞ்சு நடுங்க வீடு திரும்பி, தம்மைப் போர்த்தச் சொன்னார்கள் என்று புகாரியில் வருகிறது. அது வஹீயின் கனம். நமக்கு வருவது வேறு. ஆனாலும் நடுக்கம் ஈமானுக்குக் குறையல்ல என்பதற்கு அதுவே போதுமான சான்று. அப்போது அன்னை கதீஜா (ரலி) அவர்கள் செய்த மூன்று காரியங்கள் நம் வீடுகளுக்குப் பாடம்.

1. உடலை அமைதிப்படுத்தினார்கள்

பயம் தணியும் வரை போர்த்தினார்கள். கேள்வி கேட்கவில்லை. பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். அதுவரை உட்காருங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். நாவில் திக்ரு இருக்கட்டும். கோபம் வந்தால் உளூச் செய்யும்படி ஹதீஸில் வருகிறது. குளிர்ந்த நீர் பதறும் உடலுக்கும் இதம் தரும்.

தினசரி வாழ்விலும் கவனம் வேண்டும். நாளுக்கு ஐந்தாறு டீ குடிப்பவர் குறைத்துப் பாருங்கள். டீ, காபி படபடப்பைக் கூட்டும். ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடங்கள். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை. நாம் அந்த நேரத்தில் செல்போனைக் கீழே வைப்பதில்லை.

துக்க வீட்டில் ஆயிஷா (ரலி) அவர்கள் தல்பீனா சமைக்கச் சொல்வார்கள். அது நோயாளியின் மனதுக்கு இதமளித்து, கவலையைச் சற்றுப் போக்கும் என்று நபியவர்கள் சொன்னதை அவர்கள் கேட்டிருக்கிறார்கள் (புகாரி). இரண்டு ஸ்பூன் பார்லி மாவைத் தண்ணீரில் கரைத்து, சிறு தீயில் கஞ்சியாக்கி, பாலும் தேனும் சேர்த்தால் தல்பீனா. சர்க்கரை நோயாளி தேனைத் தவிர்க்கலாம்.

நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அமுக்கராவை மட்டும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆகாது.

2. நல்ல வார்த்தை சொன்னார்கள்

"அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான்" என்ற பொருளில் பேசி, உறவைப் பேணுவது, எளியவர் சுமையைச் சுமப்பது என்று நபியவர்களின் நற்குணங்களை ஒவ்வொன்றாக நினைவூட்டினார்கள். உங்கள் மனைவியோ மகனோ பதறும்போது "சும்மா நடிக்காதே" என்று சொல்லாதீர்கள். "நான் பக்கத்தில் இருக்கிறேன், இது அடங்கிவிடும்" என்று சொல்லுங்கள்.

3. அறிந்தவரிடம் அழைத்துச் சென்றார்கள்

ஆறுதலோடு நிற்காமல், வேதம் அறிந்த வரகாவிடம் அழைத்துச் சென்றார்கள். மருந்து செய்துகொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்யுங்கள் என்றே நபியவர்கள் சொன்னார்கள் (திர்மிதி). எனவே நெஞ்சுவலி என்றால் வீட்டில் ஊகிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பதற்றம் திரும்பத் திரும்ப வந்தாலும், தூக்கமும் வேலையும் கெட்டாலும், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம். மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

துஆ மட்டும் போதும் என்று சிகிச்சையை மறுத்ததன் விலையை நம் சமுதாயம் கண்டிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள்.

துஆவை விடச் சொல்லவில்லை. கவலை, துக்கம், கடன் சுமை மூன்றிலிருந்தும் ஒரே துஆவில் நபியவர்கள் பாதுகாப்புத் தேடினார்கள். அதை மனனம் செய்து காலையும் மாலையும் ஓதுங்கள். கடனில் தவிக்கும் பக்கத்து வீட்டாருக்கு ஒரு தவணை கட்ட உதவுவதும் அவர் நெஞ்சுக்கு மருந்துதான்.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளங்களுக்கு அமைதியையும், நோய்களுக்கு ஷிஃபாவையும், உழைப்பில் பரக்கத்தையும் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.