ஓட வந்திருக்கும் உனக்கு

கண்ணு, உன்னைப் போல ஆசையோடு மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் பலரைப் பார்த்துவிட்டேன். திறமை போதாமல் விலகியவர்களைவிட, குதிகால் நாண் நொந்து விலகியவர்கள்தான் என் நினைவில் அதிகம் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

1. மூச்சை நம்பித் தூரத்தைக் கூட்டாதே. ஓடத் தொடங்கிய சில வாரங்களில் மூச்சு நிதானப்படும், தசை உரமேறும், இன்னும் ஓடலாம் என்று மனம் துள்ளும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் நாண் அப்படிப்பட்டதல்ல. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு. பழகிக்கொள்ள மாதக் கணக்காகும். ஓடும்போதோ ஒவ்வோர் அடியிலும் உன் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தை அது தாங்குகிறது. கடுமையாக ஓடிய பின் முதல் ஒன்றரை நாள் வரை நாணில் கட்டுமானத்தைவிடச் சிதைவே மிஞ்சி நிற்கும். அதன் பிறகுதான் வலு கூடும். அதனால் மேடேறும் ஓட்டத்தையும் வேக ஓட்டத்தையும் அடுத்தடுத்த நாளில் வைக்காதே. மாவட்டப் போட்டி நெருங்குகிறது என்று தினமும் மேடேறி ஓடிய பையன் ஒருவன், போட்டியன்று கோட்டுக்கு வெளியே நின்று மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். பதறிய காரியம் சிதறும்.

2. காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளைக் கவனி. குதிகாலுக்குச் சற்று மேலே விறைப்பு, பிடித்தால் நோவு, உடம்பு சூடேறியதும் மறைந்து, ஓடி முடித்ததும் திரும்பி வரும் வலி. நாண் உனக்குச் சொல்லும் முதல் சேதி இதுதான். “சூடேறினால் போயிடுது அண்ணா” என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அணியிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மறைக்கிறார்கள். நீ மறைக்காதே. வலியை வாய்விட்டுச் சொல்லும் பிள்ளையைத் திட்டுகிற பயிற்சியாளரிடம் நீ இருக்கவும் வேண்டாம்.

3. நாள்பட்ட நாண் வலிக்கு மாத்திரையை மட்டும் நம்பாதே. அது வெறும் அழற்சி என்றுதான் வெகுகாலம் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தைக் கைவிடும் நேரம் வந்துவிட்டது என்று 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் கரீம் கான், ஜில் குக் முதலியோர் எழுதினார்கள். நாணின் கொலாஜன் இழைகள் புரி பிரிந்த கயிறு போல ஒழுங்கு குலைந்திருக்கின்றன, நாண் தடித்துப்போகிறது, இருக்கக் கூடாத இடத்தில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. மாத்திரை வலியை அடக்கும். இழையை ஒழுங்குபடுத்தாது.

4. முழு ஓய்வு மருந்தல்ல. இதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள், பெற்றோர் அதைவிட மறுக்கிறார்கள். ஸ்வீடனின் வடபகுதியில் ஊமியோ நகரில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்று ஓர் எலும்பு அறுவை மருத்துவர். அவரும் ஓடுபவர், அவருக்கும் இதே வலி. அறுவை செய்யக் கேட்டபோது அவருடைய மேலதிகாரி மறுத்துவிட்டார். சரி, நாணை மோசமாக்கினால் அறுவை செய்தே தீர வேண்டும் என்று வலிக்க வலிக்கப் பாரம் ஏற்றினார். வலி குறைந்துபோயிற்று! அதைத்தான் பிறகு 15 ஓட்டக்காரர்களிடம் முறையாகச் செய்து பார்த்து 1998இல் வெளியிட்டார். படியின் விளிம்பில் முன்பாதம் ஊன்றி நின்று, நல்ல காலால் எழும்பி, நோகும் காலால் மெல்ல மெல்லக் குதிகாலை இறக்குவது. முழங்கால் நீட்டி 15 முறை, மூன்று சுற்று. முழங்கால் மடக்கி அதே போல. காலையும் மாலையும், 12 வாரம், ஒரு நாளும் விடாமல். வலி குறைந்தால் முதுகுப் பையில் எடை. அந்த 15 பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அப்படிக் கைகூடவில்லை; ஆனாலும் பாரம் ஏற்றிக் குணப்படுத்தும் வழி நிலைத்துவிட்டது. வாரம் மூன்று நாள் கனமான எடையோடு நிதானமாகச் செய்தாலும் அதே பலன் என்று 2015இல் டென்மார்க்கில் கண்டார்கள். ஒன்று மட்டும் கவனம்: வலி நாணின் நடுவில் இல்லாமல் எலும்பில் ஒட்டும் இடத்தில் இருந்தால், குதிகாலைப் படிக்குக் கீழே இறக்காதே, சமதரையில் செய். எந்த இடம் என்று இயன்முறை மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொல்வார்.

5. வலியோடு பேரம் பேசாதே, கணக்கு வை. பத்துக்கு ஐந்து வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும் என்பது கரின் சில்பர்நாகல் குழுவினர் 2007இல் சோதித்துப் பார்த்த அளவுகோல். ஒரு நோட்டில் தினமும் எழுதிவை. உன் கையெழுத்தில் இருக்கும் உண்மையை உன்னாலேயே மறுக்க முடியாது.

6. சீக்கிரம் தேறலாம் என்று ஊசியைத் தேடிப் போகாதே. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் சுகம் தரும். முழங்கை நாண் வலியில், ஊசி போட்டவர்கள் பிற்பாடு போடாதவர்களைவிடப் பின்தங்கினார்கள் என்று 2010இல் லான்செட் இதழ் ஆய்வு சொன்னது. கிரிக்கெட் வீரர் சச்சினுக்கு முழங்கையில் அந்த வலி வந்தது 2004இல். மறு ஆண்டு லண்டனில் அறுவை. அதற்குப் பிறகுதான் 2010இல் ஒருநாள் போட்டியில் இரட்டைச் சதம் அடித்தார். சில மாதம் போவதால் வாழ்க்கை போய்விடாது, கண்ணு. சளி, காய்ச்சல் என்று போகும்போதும் நீ ஓடுகிறவன், ஓடுகிறவள் என்று மருத்துவரிடம் சொல்; சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் நாணைப் பலவீனப்படுத்தலாம்.

7. ஓடும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்தது போலிருந்து, விரல் ஊன்றி எழ முடியாமல் போனால், நாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போ. எண்ணெய் போட்டு உருவ விடாதே.

8. வலி போன பிறகுதான் உன் குணம் தெரியும். வலிக்கும்போது எல்லோரும் படியில் நிற்பார்கள். தேறியதும் விட்டுவிடுவார்கள், அடுத்த பருவத்தில் அதே கால் மறுபடி நோகும். நீ ஓட்டத்தை நடையும் ஓட்டமுமாகக் கலந்து தொடங்கு, ஒருநாள் விட்டு ஒருநாள். கூட ஓடியவர்கள் முந்திப் போவதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஓடு. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். நீ ஓடுகிற காலமெல்லாம் வாரம் இரண்டு முறையாவது அந்தப் படியில் ஏறி நின்று குதிகாலை இறக்கு.