அசைவும் காலமும்

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என ஒலிக்குக் கால எல்லை வகுத்தார் தொல்காப்பியர். கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் அதற்கு அளவாகக் கொண்டார். இயங்குவது எதுவாயினும் அதனைக் காலத்தால் அளத்தல் வேண்டும் என்பது, கணினித் திரையில் அசைவூட்டம் அமைக்கப் புகும் மாணவர்க்கும் முதற் பாடமாகும்.

திரையில் ஓடும் உருவம் உண்மையில் ஓடுவதன்று. சிறிது சிறிதாக இடம் மாறிய படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுதலின் ஓடுவதுபோலக் காண்கின்றோம். பேசும்படத்திற்குச் செக்கனுக்கு 24 படங்கள் என்பது வழக்கு. கணினித் திரைகளோ ஒரு தன்மையன அல்ல; செக்கனுக்கு 60 முறை புதுப்பிப்பனவும் உள, 120 முறை புதுப்பிப்பனவும் உள.

தொடக்கநிலை மாணவர் இடறுவது இவ்விடத்திலேயாம். படந்தோறும் 2 புள்ளி நகர்க என நிரல் எழுதின், முதல்வகைத் திரையில் உருவம் செக்கனுக்கு 120 புள்ளி செல்லும். மற்றையதில் 240 புள்ளி செல்லும். வீட்டில் நடந்த யானை பாடசாலையில் ஓடும்! ஆதலின், முந்திய படம் தோன்றியபின் கழிந்த நேரத்தை அறிந்து, அதனை வேகத்தாற் பெருக்கி, வருந் தொலைவுக்கே உருவத்தை நகர்த்துதல் வேண்டும்.

இனி, வேகத்தை மாற்றுமாறு நோக்குவாம். இதற்கு வீத எண் ஒன்று போதும். 1 இயல்பு நடை, 0.5 அரை வேகம், 2 இரட்டித்த வேகம், 0 நிறுத்தம், −1 பின்னோக்கிய நடை. ஆயின், இவ்வெண்ணைத் தொடக்கமுதற் கழிந்த முழு நேரத்தோடு பெருக்குதல் தவறு. 10 செக்கன் நீளமுள்ள அசைவூட்டம் 4 செக்கன் ஓடியபின் வீதத்தை 2 ஆக்கினால், அது 8ஆம் செக்கனுக்குத் தாவிவிடும். இரு படங்களுக்கு இடையே கழிந்த சிறு நேரத்தை மட்டும் வீதத்தாற் பெருக்கி, முன் சேர்ந்ததோடு கூட்டிவரின், நின்ற இடத்திலிருந்தே நடை விரையும். இணைய உலாவிகளில் ஜாவாஸ்கிரிப்ட் வழங்கும் அசைவூட்ட வசதியிலே ‘பிளேபேக்ரேட்’ என்னும் பண்பு இக்கணக்கைத் தானே செய்துகொள்ளும்.

இதனாற் பயன் என்னையெனின், ழகரம் எழுதிப் பழகும் சிறுபிள்ளைக்கு எழுதுகோலின் போக்கை மெல்லக் காட்டலாம். விளங்காதவிடத்து நிறுத்திப் பின்னோக்கியுங் காட்டலாம். திரையசைவு சிலருக்குத் தலைச்சுற்றலையும் உண்டாக்கும். அன்னோர் அசைவைக் குறைக்குமாறு தம் கணினியில் அமைத்திருப்பின், நிரல் அதனை மதித்து நடத்தல் வேண்டும். வேகத்தின் கடிவாளம் காண்போர் கையில் இருத்தலே முறை.

மாணவர் தாம் எழுதிய நிரலை இருவேறு கணினிகளில் ஓட்டி, கடிகாரங் கொண்டு அளந்து பார்ப்பாராக. இரண்டும் ஒத்து முடியுமாயின் பாடம் கைவந்தது எனக் கொள்ளலாம்.