குடித்தனம் உள்ள வீட்டைக் கிரயம் வாங்குதல்



கும்பகோணம் பக்கத்துச் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்ட கேள்வி இது. அக்கரைச் சீமையில் உழைத்துச் சேர்த்த பணத்தில், 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வீட்டைக் கிரயம் முடித்தார். அதில் அரிசி ஆலைத் தொழிலாளி ஒருவர் மாத வாடகைக்குக் குடும்பத்தோடு இருந்தார். குடியேற நாள் பார்த்த வேளையில் ஊரடங்கு வந்துவிட்டது. "நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். என் சொந்த வீட்டில் குடியேற எனக்கு ஹக்கு இல்லையா?" என்றார்.

இத்தகைய நிலை எந்தக் காலத்திலும் வரக்கூடும். ஆகவே இதன் சட்டத்தைத் தெரிந்துகொள்வோம்.

வாடகைக்கு விட்ட வீட்டை மூன்றாமவருக்கு விற்பது ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி செல்லும். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் இதனைக் கூறியுள்ளார்கள். ஆனால் விற்பனையால் வாடகை ஒப்பந்தம் முறியாது. ஹனபீ மத்ஹபிலும் அவ்விற்பனை குடியிருப்பவரின் உரிமையைப் பாதிக்காது. வாங்கியவர் தவணை முடியும் வரை காத்திருக்கலாம், அல்லது கிரயத்தை முறித்துக்கொள்ளலாம். விற்றவரிடம் இல்லாத உரிமை வாங்கியவருக்கு எப்படி வரும்?

"மாத வாடகைதானே, மாதம் முடிந்தால் தவணையும் முடிந்ததல்லவா?" எனக் கேட்கலாம். உண்மைதான். ஆயினும் 2020 மார்ச் 29-ஆம் தேதி மத்திய உள்துறை அமைச்சகம், தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்றும், தொழிலாளரையும் மாணவரையும் காலி செய்ய நிர்ப்பந்திப்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் உத்தரவிட்டது. நோய்க் காலத்தில் ஏழைகள் தெருவில் நிற்காதிருக்க இட்ட ஆணை அது. பாவமில்லாத, பொது நன்மைக்கான காரியத்தில் ஆட்சியாளரின் ஆணைக்குக் கட்டுப்படுவது கடமை. சிரமத்திலுள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு திருக்குர்ஆனும் பணிக்கிறது. ஆகவே அவர் பொறுத்திருப்பதே முறை. அவருடைய ஹக்கு அழியவில்லை, தள்ளிப்போயிற்று, அவ்வளவே.

நமது மாநிலத்தில் இருந்த 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இதைப் போன்ற ஒழுங்கையே வைத்திருந்தது. குடித்தனம் உள்ள வீட்டை வாங்கியவர், பத்திரம் பதிவாகி மூன்று மாதம் கழியுமுன் சொந்தக் குடியிருப்புக்கென மனுச் செய்ய இயலாது. தேவை மெய்யானது என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும். வீட்டைப் பெற்ற பின் ஒரு மாதத்துக்குள் குடியேறாவிட்டால், வெளியேறியவர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். 2019 பிப்ரவரி 22 முதல் வேறு சட்டம் நடப்பில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும்.

"நானே குடியிருக்கப் போகிறேன்" என்று சொல்லிக் காலி செய்ய வைத்து, கூடுதல் வாடகைக்கு வேறொருவருக்கு விடுவது பொய்யும் மோசடியுமாகும். தண்ணீரை நிறுத்துவதும் மின்சாரத்தைத் துண்டிப்பதும் அநியாயம். அதிகாரி அறியாவிட்டாலும் அல்லாஹ் அறிவான்.

குடியிருப்போருக்கும் ஒரு வார்த்தை. தவணையும் தடையும் முடிந்த பின், உரிமையாளர் விரும்பாத நிலையில் வீட்டைப் பிடித்துவைப்பது பிறர் பொருளை அபகரிப்பதாகும். தவணை மீதியிருக்கையில் உரிமையை விட்டுக்கொடுக்க ஈடு பெறலாம்; தவணை முடிந்த பின் காலி செய்யப் பணம் கேட்பது ஆகாது. 1988-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமியின் தீர்மானமும் இதுவே.

எனவே வாங்குமுன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். குடியிருப்பவரை நேரில் கண்டு பேசுங்கள். அவர் கொடுத்த முன்பணத்தை யார் திருப்பித் தருவது என்று விற்பவரிடம் எழுத்தில் முடிவு செய்யுங்கள். அது அந்த ஏழையின் அமானத். விற்பவரும், வீட்டில் குடித்தனம் இருப்பதை மறைக்கக் கூடாது.

ஒரு குடும்பத்தின் கண்ணீரில் குடிபுகுந்த வீட்டில் பரக்கத் எப்படி இறங்கும்? வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.